அணைக்க மறந்த ஃபோன்

என்னிடம் யாராவது டெக்னாலஜி என்று ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது கொட்டாவி. கோபம்கூட இல்லை, அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். இருபத்தேழு வருஷமாகக் கணக்கு டீச்சர். தாம்பரத்தில் ஒரு எய்டட் பெண்கள் பள்ளி, கூடுவாஞ்சேரியில் வீடு, நடுவில் தினமும் இரண்டு தடவை லேடீஸ் கம்பார்ட்மெண்ட். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபோனைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவு ஒரு ஆப்பில். சாப்பாட்டுக் கணக்கு இன்னொன்றில். மார்க் ஏற்ற ஒன்று. நாங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டோம் என்று நிரூபிக்க ஒன்று. நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், நானும் சிக்னல் தேடி ஜன்னல் ஜன்னலாக நடப்பேன். பீரியடில் பத்து நிமிஷம் அதிலேயே போய்விடும்.

போன வருஷம் ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. தூசி படக்கூடாது என்று தையல் மிஸ் பூப்போட்ட துணியில் அதற்கு உறை தைத்தார். ரிமோட் ஹெச்.எம். மேஜை டிராயரில், பூட்டி. கேட்டு வாங்குவதற்குள் பீரியட் முடிந்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் உறையைக் கழற்றுவோம்.

இந்த நிலைமையில்தான் குவார்ட்டர்லி லீவு முடிந்த வாரம் ஒரு சின்னப் பெண் எங்களுக்குப் பயிற்சி தர வந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். கையில் லேப்டாப்கூட இல்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம். “உங்க கிளாஸை உங்க ஃபோன்லயே எடுங்க மேடம். வீட்டுக்குப் போய்த் தனியா உக்காந்து பாருங்க. யாருக்கும் காட்ட வேணாம். ஒரு தடவை சவுண்டை ஆஃப் பண்ணிட்டு, உங்க கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. இன்னொரு தடவை, கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கீங்கன்னு பாருங்க. அவ்வளவுதான்.”

ஸ்டாஃப் ரூமில் ஒரே சிரிப்பு. “என் கல்யாண வீடியோவையே நான் முழுசாப் பாத்ததில்ல, இதுல இது வேறயா” என்றார் தமிழ் மிஸ். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒன்று பட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த பயிற்சிகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாஸ்வேர்டைப் பற்றி.

அந்த நல்ல விஷயத்தையும் எங்கள் நிர்வாகம் இரண்டே நாளில் நாசமாக்கியது. எல்லோரும் வீடியோ எடுத்து குரூப்பில் ஏற்ற வேண்டும், கரெஸ்பாண்டென்ட் பார்ப்பார், நல்லதைப் பள்ளி ஆண்டு விழாவில் போட்டுக் காட்டுவார்கள் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. தனியாகப் பார்க்கச் சொன்னதை ஊருக்குக் காட்டச் சொன்னால் என்ன நடக்கும்? டெமோ கிளாஸ் நடக்கும்.

டெமோ கிளாஸ் எங்களுக்குப் புதுசில்லை. இன்ஸ்பெக்ஷன் வரும் நாட்களில் பழகிய வித்தை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முதல் மூன்று பெஞ்சில். சுமாராகப் படிக்கிறவர்கள் பின்னால். சுத்தமாக வராதவர்களை லைப்ரரிக்கு அனுப்பிப் புத்தகம் அடுக்கச் சொல்வோம். மூன்று நாளைக்கு முன்பே நடத்திய பாடத்தை அன்றைக்குத்தான் புதிதாக நடத்துவதுபோல நடத்துவோம். கேள்வி கேட்டதும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கையில் ஒன்றைப் பார்த்து எழுப்புவோம். வந்திருப்பவருக்கு அது தெரியாது, அசந்துபோவார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் மிஸ் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒளிப்பானேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. கடைசி பீரியட் டெமோ. காலையில் இரண்டாவது பீரியடும் எனக்கு அதே வகுப்புதான். வெளிச்சம் சரியாக விழுகிறதா பார்க்கலாம் என்று ஃபோனை ஜன்னல் கட்டையில் இரண்டு அட்லஸ் புத்தகத்துக்கு நடுவே சொருகி நிறுத்தி, பட்டனை அழுத்தினேன். போர்டும் தெரிந்தது, பெஞ்சுகளும் தெரிந்தன. திருப்தியாக இருந்தது. அதற்குள் பின்னால் இரண்டு பேர் ஸ்கேலுக்காகச் சண்டை. அதைத் தீர்த்துவிட்டு சாக்பீஸை எடுத்தவள்தான், ஃபோனை மறந்தே போனேன். பெல் அடித்ததும் கிளாஸ் லீடர் அதை நிறுத்திக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் டெமோ நன்றாக நடந்தது. இடது கை, வலது கை எல்லாம் பிசிறில்லாமல் தூக்கினார்கள். ஆறு பேர் லைப்ரரியில் இருந்தார்கள்.

அந்த ஆறு பேரில் மூன்று பேரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ். கேட்டில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறோம். அதை எப்படிச் சாதிக்கிறோம் என்றால், தேறாது என்று தோன்றுகிறவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அனுப்புவது என்று சொல்லமாட்டோம். அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு, “உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றோம், வேற ஸ்கூல்னா ப்ரஷர் கம்மியா இருக்கும்” என்று ஹெச்.எம். பேசுவார். சாந்தமாக, காபி கொடுத்துப் பேசுவார். யார் யார் என்று எழுதிக் கொடுப்பது கிளாஸ் டீச்சர். இந்த வருஷம் ஒன்பது பி-க்கு நான்தான் கிளாஸ் டீச்சர். குவார்ட்டர்லி மார்க்கைப் பார்த்து மூன்று பேர் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம். மூன்றாவது பெண்ணுக்கு நேராக, ‘வகுப்பில் பங்கேற்பு இல்லை’ என்று எழுதினேன். அது என் கையெழுத்து.

அந்த மூன்றாவது பெண் ஜன்னலோரம் நான்காவது பெஞ்சில் உட்காருவாள். படப்பையிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒல்லி, வாய் திறக்கமாட்டாள். கணக்கில் முப்பத்தைந்துக்குக் கீழே. பேப்பரில் பாதிக் கேள்வியைத் தொட்டிருக்கவே மாட்டாள். நானும் எத்தனையோ பார்த்தாச்சு, இது தேறாது என்று முதல் மாசமே முடிவு கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த மூன்று பேரின் பெற்றோரும் வர வேண்டும் என்று ஆஃபீஸிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம். டெமோ வீடியோவை முன்னும் பின்னும் வெட்டி ஏற்ற வேண்டும். ரயிலில் வெட்டிவிடலாம் என்று தாம்பரம் பிளாட்பாரத்திலேயே ஃபோனை எடுத்தேன். பார்த்தால் இரண்டு வீடியோ இருக்கிறது. ஒன்று மிக நீளம். என்னடா இது என்று அதைத் திறந்தேன். காலை வகுப்பு, முழுசாக.

மூடியிருக்கலாம். பயிற்சி தர வந்த அந்தச் சின்னப் பெண் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் என் முதுகு. இவ்வளவு பெருத்துவிட்டேனா என்று நினைத்தேன். அப்புறம் என் குரல். கர்த்தரே, என்ன ஒரு குரல். “புரிஞ்சுதா?” என்கிறேன், “புரிஞ்சுது மிஸ்” என்கிறார்கள், அதைக் காதில் வாங்காமலே அடுத்த வரிக்குப் போகிறேன். கேள்வி கேட்கிறேன். காத்திருக்கவே இல்லை, நானே பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லாத இடத்தில் முதல் பெஞ்சில் இருக்கிற முதல் ரேங்க் பெண்ணைக் கூப்பிடுகிறேன். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நான் பாடம் எடுப்பது நாலு பேருக்கு. ரயில் பெருங்களத்தூர் தாண்டும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. இதைத்தான் இருபத்தேழு வருஷமாகப் பண்ணிக்கொண்டிருக்கிறேனா?

அப்புறம் அந்தக் கணக்கு வந்தது. ரொம்பச் சாதாரணக் கணக்கு. இரண்டு எண்கள், கூட்டினால் பன்னிரண்டு. முதல் எண்ணின் இரண்டு மடங்கையும் அடுத்த எண்ணின் மூன்று மடங்கையும் கூட்டினால் இருபத்தொன்பது. எண்கள் என்ன? விடை ஏழும் ஐந்தும். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் இருபத்துநாலு வரும். இருபத்தொன்பதில் இருபத்துநாலு போனால் ஐந்து. அதுதான் ஒய், இரண்டாவது எண். அவ்வளவுதான் கணக்கு.

வீடியோவில் நான் போர்டில் எழுதுகிறேன். இருபத்தொன்பது என்று எழுத வேண்டிய இடத்தில் இருபத்துநாலு என்று எழுதுகிறேன். அடுத்த வரியில் வரவேண்டிய எண்ணை மனசு முந்திக்கொண்டு எழுதிவிட்டது. அடுத்த வரியிலும் இருபத்துநாலு. பிறகு, இருபத்துநாலில் இருபத்துநாலைக் கழித்து, ஒய் சமம் ஐந்து என்று போட்டு, கீழே இரண்டு கோடு இழுக்கிறேன்.

நான் கழிக்கவே இல்லை. விடை மனப்பாடம். என்ன எழுதியிருக்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வகுப்பு மொத்தமும் குனிந்து காப்பி அடிக்கிறது. முதல் ரேங்க் பெண்ணும்தான். கைடில் விடை ஐந்து, போர்டிலும் ஐந்து, அப்புறம் என்ன? ஒரே ஒருத்தி மட்டும் எழுதாமல் போர்டைப் பார்க்கிறாள். ஜன்னலோரம் நான்காவது பெஞ்ச். நோட்டைப் பார்க்கிறாள், போர்டைப் பார்க்கிறாள், மறுபடி நோட்டைப் பார்க்கிறாள். கை மெதுவாக மேலே போகிறது. முதலில் காது வரைக்கும். அப்புறம் முழுசாக.

நான் அவளைப் பார்க்கிறேன். பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை. நேராகப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், “என்ன, பாத்ரூமா? பெல் அடிக்கட்டும், உக்காரு.”

வகுப்பு சிரிக்கிறது. அவள் கையை இறக்கிவிட்டு, பென்சிலால் எழுதியிருந்த எதையோ ரப்பரால் அழிக்கிறாள்.

எனக்கு இது நடந்ததே ஞாபகம் இல்லை. முந்தைய நாள்தான் நடந்திருக்கிறது, துளிகூட ஞாபகம் இல்லை. படிக்காத பிள்ளை கை தூக்கினால் பாத்ரூமுக்குத்தான் என்று எனக்குள் யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை மறுபடி பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். நிமிர்ந்தபோது கூடுவாஞ்சேரி போய், பொத்தேரி வந்திருந்தது. இறங்கி எதிர்ப்பக்க பிளாட்பாரத்துக்குப் படியேறும்போது முட்டி உயிர் போனது. நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது புரிந்தது. அவள் கணக்கு வராதவள் இல்லை. மற்றவர்கள் காப்பி அடிக்கும்போது அவள் ஒவ்வொரு வரியையும் தானே போட்டுப் பார்க்கிறாள். அதனால்தான் நேரம் போதவில்லை, அதனால்தான் பேப்பரில் பாதி காலி. தொட்ட கணக்குகளில் எத்தனை சரி என்று நான் யோசித்ததே இல்லை. மொத்த மார்க்கைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கே ஹெச்.எம்.முக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என்னவென்று சொல்வது? நான் போர்டில் தப்பாக எழுதினேன், அதை என் பட்டியலில் இருக்கிற பெண்தான் கண்டுபிடித்தாள் என்றா? வெட்கமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமைதானே மீட்டிங், நேரில் போய்ச் சொல்லிக்கலாம் என்று சோறு வடித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஏனென்றால் வியாழக்கிழமை நான் பள்ளியில் இல்லை. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி. ஸ்மார்ட் போர்டில் வினாடி வினா தயாரிப்பது எப்படி. ஏசி ரூமில் எங்களை உட்கார வைத்து, சரியான விடையைத் தொட்டால் பலூன் பறக்கிற மாதிரி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் ஒன்று செய்தேன். பலூன் பறந்தது. சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரேயர் பெல்லுக்கு முன்னாடியே ஆஃபீஸுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் ஃபைலைக் கேட்டேன். கிளார்க் அக்கா நிமிராமலே, “அதுவா? நேத்தே வந்து டி.சி. வாங்கிட்டுப் போய்ட்டாங்களே மிஸ். அம்மாக்கு வியாழக்கிழமைதான் வீக்லி ஆஃபாம். இன்னிக்கு லீவு போட்டா கம்பெனில சம்பளம் புடிப்பாங்கன்னு நேத்தே வந்துட்டாங்க” என்றார்.

நான் பலூன் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஹெச்.எம். அறைக்குப் போய் வீடியோவைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பொறுமையாகப் பார்த்தார். நான் இருபத்துநாலு எழுதிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “இதை குரூப்ல போட்றாதீங்க மிஸ்” என்பதுதான் முதலில் சொன்னது.

“போடறதுக்கு வரல மேடம். அந்தப் பொண்ணைத் திரும்பச் சேத்துக்கணும்.”

“நீங்கதானே லிஸ்ட் குடுத்தீங்க?”

“நான்தான் குடுத்தேன். தப்பாக் குடுத்தேன்.”

“ஒரு கை தூக்கினதுக்கா? பத்தாவதுல ஃபெயிலானா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் மேடம். எழுதிக் குடுக்கட்டுமா?”

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். இந்த மாணவியின் கணக்குத் தேர்ச்சிக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “டி.சி.யை இன்னும் எங்கயும் குடுக்கலன்னா அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. குடுத்திருந்தா அங்கருந்து வாங்கணும், பாத்துக்கலாம்” என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு ஃபோன் பண்ணியிருந்தால் இந்தத் தாளுக்கே வேலை இல்லை.

அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம். யாரென்று சொன்னதும் அந்தம்மா பதறிவிட்டார். “இன்னா டீச்சர், எதனா ஃபீஸ் பாக்கி கீதா?”

“அதெல்லாம் இல்லம்மா. டி.சி. விஷயமா...”

“அதான் வாங்கியாச்சே டீச்சர். நேத்து மத்தியானமே இங்க படப்பை கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துட்டேன். நீங்க ஒண்ணும் மன்சுல வச்சிக்காதீங்க. அவ நல்லதுக்குத்தான சொன்னீங்க. அதுவே சொல்லிகினு கீது, எனக்குக் கணக்கு வராதும்மா, மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு.”

திட்டியிருந்தால் தேவலை. நேரில் வந்து பேசுகிறேன், அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது பி-யில் அந்தக் கணக்கை மறுபடி போர்டில் எழுதினேன், அதே இருபத்துநாலோடு. இதில் என்ன தப்பு என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உதடு துடிக்கிறது, பதில் சொல்லிவிடலாம் போல. பிள்ளைகளும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். கடைசியில் முதல் ரேங்க் பெண் எழுந்து, “தப்பே இல்ல மிஸ், கைடுலயும் அஞ்சுதான் போட்டிருக்கு” என்றாள். பாவம், அவளையும் நான்தான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன்.

நான் தப்பாக எழுதினேன், உங்களில் ஒருத்தி கண்டுபிடித்தாள், நான் அவளை உட்காரச் சொன்னேன் என்று சொன்னேன். யார் மிஸ், யார் மிஸ் என்றார்கள். ஜன்னலோரத்தைக் காட்டினேன். அங்கே இப்போது வேறொரு பெண் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் படப்பைக்கு பஸ் ஏறினேன். மழை விட்டும் விடாமலும் பெய்தது. முடிச்சூரில் ரோடெல்லாம் தண்ணீர், பஸ் ஊர்ந்துகொண்டு போனது. மார்க்கெட் ஸ்டாப்பில் அந்தம்மா குடையோடு வந்து நின்றிருந்தார். இரண்டு சந்து தள்ளி வீடு, ஒரே அறை, வாசலுக்கு மேல் தகர ஷீட். “இன்னா டீச்சர், மழைல இம்மாந் தூரம்? ஃபோன்லயே சொல்லிக்கலாம்ல” என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். டீ வைக்கப் போனார்.

அவள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். புது யூனிஃபார்ம் இன்னும் வரவில்லை போல, எங்கள் பள்ளிப் பாவாடையும் கலர் சட்டையுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் “குட் ஈவினிங் மிஸ்” என்றாள்.

கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நான் நினைத்த பக்கம் இருந்தது. ஒய் சமம் ஐந்து என்று பேனாவில். அதற்குக் கீழே பென்சிலில் எழுதி அழித்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது. பூஜ்யம். பக்கத்திலேயே மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாள், அங்கேயும் பூஜ்யம், அதையும் அழித்திருக்கிறாள்.

“ஏம்மா அழிச்ச?”

“நீங்க அஞ்சு போட்டீங்க மிஸ். எனக்கு பூஜ்யம் வந்துச்சு. நான்தான் தப்பாக் கழிச்சிட்டேன்னு நெனச்சேன்.”

“போர்டுல இருந்தபடி ஒனக்கு வந்ததுதான் சரி. தப்பா எழுதினது நான்.”

ஃபோனை எடுத்து அந்த இடத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அம்மாவும் டீயை வைத்துவிட்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பாத்ரூமா என்று நான் கேட்கும் இடத்தில் வகுப்பு சிரித்தது, அந்தம்மாவும் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. திரையில் தன் கை மேலே போவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றேன். ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஹெச்.எம். கிட்டப் பேசிட்டேன். திரும்பி வந்துடு. உன் பக்கத்துல உக்காந்து நான் கணக்குச் சொல்லித் தர்றேன். எழுதியே குடுத்திருக்கேன்.”

அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நெஜமாவா டீச்சர்? இங்க ஒரு கிளாஸ்ல அறுபது பேரு, உக்கார எடமில்ல, கீழ உக்காந்து எழுதுதுங்க. தாம்பரத்துல படிச்சா ஒரு பேரு. வரேன்னு சொல்லுடீ.”

ஃபோன் திரை அணைந்தது. அதை அவள் என்னிடம் நீட்டினாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“இந்த வீடியோ எடுக்கலன்னா நீங்க வந்திருப்பீங்களா மிஸ்?”

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரி புரியாமல் கேட்பது மாதிரிதான் கேட்டாள். வருவேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் எதையாவது சட்டென்று சொல்லிச் சமாளித்தவள்தானே. ஆனால் அவள் காத்திருந்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். என்னால் முடியவில்லை.

“வந்திருக்க மாட்டேம்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். விடை சரியாக வந்ததுபோல.

“அப்ப நான் இங்கயே படிக்கறேன் மிஸ்.”

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். “டீச்சர் கிட்டப் பேசற பேச்சாடீ இது? தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், அதுக்குப் பேசத் தெரியாது.”

“அடிக்காதீங்கம்மா” என்றேன். “அவ சரியாத்தான் கேட்டா.”